தம்பூராவுக்குப் பின்னால் ஓர் இடம்

கொல்கத்தாவில் வீட்டுக் கூடங்களிலும் சின்ன அரங்குகளிலும் நடக்கும் கச்சேரிகளில், பாடகருக்கு மிக அருகில் உட்கார்ந்து கேட்பவர் டிக்கெட் வாங்குவதில்லை. தம்பூரா மீட்டுபவர் அவர். பாடகர் மூச்சு இழுப்பது அவருக்குக் கேட்கும். அடுத்த ஸ்வரத்தைத் தொடப்போகும் முன் பாடகரின் இடது கை லேசாக எழுவதும் தெரியும். அந்த இடத்துக்கு நான் எப்படி வந்து சேர்ந்தேன் என்பதை எழுத நெடுநாளாக ஆசை. கையில் காசு குறைவாக இருந்ததால்தான் எல்லாம் தொடங்கியது.

அம்பாசமுத்திரத்திலிருந்து வேலைக்காகக் கொல்கத்தா வந்தேன். டல்ஹவுசிப் பகுதியில் ஒரு சின்ன நிறுவனத்தில் கணக்கு எழுதும் வேலை. லேக் மார்க்கெட் பக்கத்தில் வேறு இரண்டு பெண்களோடு பகிர்ந்துகொண்ட அறை. வாழையிலை, முருங்கைக்காய், காப்பிப்பொடி எல்லாம் கிடைக்கிற வட்டாரம் என்பதால் அம்மா அங்கேதான் தங்கச் சொன்னாள். வாடகையும் ஊருக்கு அனுப்பும் பணமும் போனால் கச்சேரிக்கென்று ஒதுக்குவதற்குப் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. ஆனால் இந்த ஊரில் நல்ல பாட்டுக் கேட்கப் பெரும் பணம் தேவையில்லை என்பதை வந்த கொஞ்ச நாளிலேயே கண்டுகொண்டேன். டாலிகஞ்சில் 1977-இல் தொடங்கப்பட்ட ஐ.டி.சி. சங்கீத ஆராய்ச்சி அகாடமி இருக்கிறது. குருவோடு தங்கிப் படிக்கும் மாணவர்கள் அங்கே புதன்கிழமை மாலைகளில் பாடுவார்கள். கோல்பார்க் ராமகிருஷ்ண மிஷன் கலாசார நிலையம், சதர்ன் அவென்யூவில் பிர்லா அகாடமி என்று பேருந்துக் காசோடு போய்வரக்கூடிய இடங்கள் பல. ஜனவரி வந்தால் ஜாதவ்பூர் சக்திகர் மைதானத்தில் பவுல், ஃபக்கீர் பாடகர்கள் கூடிப் பாடுவார்கள். யாரும் போய்த் தரையில் உட்காரலாம்.

இவற்றைத் தவிர வீட்டு ஆசர் என்று ஒன்று உண்டு. நாற்பது ஐம்பது பேர் கொள்ளும் கூடம், தரையில் வெள்ளை விரிப்பு, ஒலிபெருக்கி இருந்தாலும் இருக்கும், இல்லாமலும் இருக்கும். இந்த ஊருக்கு இது பழைய வழக்கம். 1856-இல் அவத் நவாப் வாஜித் அலி ஷா ராஜ்ஜியத்தை இழந்து மேட்டியாபுருஸில் வந்து குடியேறியபோது அவரோடு பாடகர்களும் ஆடுபவர்களும் வந்தார்கள். வடக்குக் கொல்கத்தாவின் ஜமீன் வீடுகள் உஸ்தாத்களை அழைத்து வைத்துக்கொண்டன. பிறகு தபலாவும் ஆர்மோனியமும் அறிந்த ஞான் பிரகாஷ் கோஷின் டிக்ஸன் லேன் வீடு நாடெங்கிலுமிருந்து கலைஞர்கள் வந்து வாசித்துவிட்டுப் போகும் இடமாக இருந்தது. ஜமீன்கள் போய்விட்டன. ஆசர் போகவில்லை. இன்று ஓய்வு பெற்ற மருத்துவரோ கல்லூரி ஆசிரியரோ தன் கூடத்துச் சோபாக்களை ஓரம் தள்ளிவிட்டு ஓர் இளம் பாடகரை உட்காரவைக்கிறார். வாசலருகே ஓர் உண்டியல் இருக்கும். முடிந்ததைப் போடலாம். ஆனால் இதற்குச் சுவரொட்டி கிடையாது. உள்ளே இருப்பவர் ஒருவர் சொன்னால்தான் வெளியே இருப்பவருக்குத் தெரியும்.

எனக்குச் சொன்னவர் மாமி. ஒரு புதன்கிழமைக் கச்சேரியில் எனக்கு முன் வரிசையில் இருந்தார். ஊர்ப் பழக்கத்தில் நான் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்து, தமிழிலேயே, "கையைக் கொஞ்சம் நிறுத்திண்டு கேளேன். தாளத்தை அந்தத் தபலாக்காரர் பார்த்துப்பார்" என்றார். கச்சேரி முடிந்து மெட்ரோ வரை சேர்ந்து நடந்தோம். அவருடைய அப்பா கிளைவ் தெருவில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் சுருக்கெழுத்தாளராக வந்தவர். மாமி பிறந்தது வளர்ந்தது எல்லாம் இங்கேதான். பள்ளியில் கணக்கு வாத்தியார். ஒரு வங்காளி அம்மாளிடம் சிறு வயதிலிருந்து கயால் கற்றவர். மேடையேறிப் பாடவில்லை. ஆனால் தெற்குக் கொல்கத்தாவின் ஆசர்களில் பாடகர்களுக்குப் பின்னால் தம்பூராவோடு உட்கார்ந்தே வாழ்நாளில் பாதியைக் கழித்திருக்கிறார். இப்போது முழங்கால் விடுவதில்லை. மாடி ஏறித் தம்பூராவைத் தூக்க ஓர் ஆள் வேண்டும்.

"தூக்கிண்டு வா. உள்ளே உக்காந்து கேளு. காசு கிடையாது" என்றார். அப்படித்தான் ஒப்பந்தம் ஆனது.

தூக்குவதற்கே கற்க வேண்டியிருந்தது. வடநாட்டுத் தம்பூராவின் குடம் சுரைக்காய் ஓட்டினால் ஆனது. நம் தஞ்சாவூர்த் தம்பூராவின் பலாமரக் குடத்தைத் தொட்டுப் பழகியவர்களுக்கு இதைக் கையில் எடுத்ததும் பயம் வரும். அவ்வளவு பெரிய உருவம், அவ்வளவு குறைந்த எடை. ஓர் இடி பட்டால் விரிசல். முதல் நாள் தண்டியைப் பிடித்துத் தூக்கினேன். மாமி ஒன்றும் சொல்லாமல் என் கையை எடுத்து, குடமும் தண்டியும் சேரும் கழுத்துக்குக் கீழே வைத்தார். கனம் அங்கேதான் சமப்படுகிறது. இன்னொரு வீட்டில் அதைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது அது பக்கவாட்டில் படுத்திருந்தது. மாமி அதன் அருகே காலை மடக்க முடியாமல் மடக்கி உட்கார்ந்திருந்தார். அதன்பின் நான் எந்தத் தம்பூராவையும் சுவரில் சாய்த்ததில்லை.

வண்டியும் ஒரு பாடம். பழைய மஞ்சள் அம்பாசிடர் டாக்ஸியின் பின் இருக்கையில் குடத்தை மடியில் வைத்துத் தண்டியைக் குறுக்கே நீட்டினால் தம்பூராவும் இரண்டு பெண்களும் தாராளமாகப் போகலாம். உத்தர்பாரா அருகே இந்துமோட்டார் ஆலையில் அந்தக் காரின் உற்பத்தி 2014-இல் நின்றுபோனது. வண்டிகள் வருடா வருடம் குறைகின்றன. புதிய சிறிய கார்களில் தண்டியின் தலை எங்காவது இடிக்கும். டாக்ஸிக் கட்டணம்தான் எங்கள் பெரிய செலவு. அதைக் குறைக்க மாமி ஆசர் வைக்கும் வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே பேசி, திரும்பும்போது அதே பக்கம் போகிறவர் யார் என்று கேட்டு வைத்துக்கொள்வார். கச்சேரிக்குப் போவதில் பாதி வேலை வீடு திரும்பும் வழியை யோசிப்பது என்பதை அவரிடம்தான் கற்றேன். இரவில் தனியாகத் திரும்ப வேண்டிய ஒரு பெண்ணுக்கு அது டிக்கெட்டை விடப் பெரிய கணக்கு.

பல மாதங்கள் தூக்கியபின், ஒரு ஞாயிறு காலை மாமி தம்பூராவை என் பக்கம் நிமிர்த்தினார்.

நான்கு தந்திகள். முதலாவது பஞ்சமம். அடுத்த இரண்டும் ஒரே ஷட்ஜம், நாம் சாரணி, அனுசாரணி என்பவை. இங்கே அவற்றை ஜோடி என்கிறார்கள். நான்காவது மந்தர ஷட்ஜம், பித்தளைத் தந்தி, மற்றவற்றை விடத் தடிப்பு. பஞ்சமத்தை நடுவிரல் மீட்டும், மற்ற மூன்றையும் ஆள்காட்டி விரல். இவ்வளவுதான். பார்த்த மாத்திரத்தில் யாரும் செய்துவிடலாம் என்று தோன்றும். நான் மீட்டினேன். டங், டங் என்று நான்கு தனித்தனிச் சத்தம் வந்தது.

"அடிக்கறே" என்றார் மாமி.

மறுபடி மீட்டினேன். "இப்போ கிள்ளறே."

அந்த இரண்டு சொற்களுக்கு நடுவில் நான் நெடுநாள் தவித்தேன். விரல் நுனி பட்டால் கிள்ளல், நகம் பட்டால் கீறல், விரலின் முழு அகலம் பட்டால் ஒலி அமுங்கிப்போகும். பூத்தொடுக்கும் நாரை விரலிடுக்கில் விட்டு மெல்ல உருவுவது போல, நுனிக்குச் சற்றுக் கீழே விரலின் பக்கச் சதையில் தந்தி உருண்டு கழல வேண்டும். தந்தி எப்போது விரலை விட்டது என்று விரலுக்கே தெரியக் கூடாது. எஃகுத் தந்தி அந்தச் சதையில் ஒரு கோடு போட்டது. கோடு கொப்புளமாகிக் காய்த்தது. காய்த்த இடத்தில் உணர்ச்சி குறைந்துவிட, மறுபடி அடிக்கத் தொடங்கினேன். ஒவ்வொரு கட்டத்திலும் கை வேறாக மாறிக்கொண்டிருந்தது. நேற்றுச் சரியாக வந்தது இன்று வராது.

அடுத்த தொல்லை வேகம். தம்பூராவுக்குத் தாளம் கிடையாது. பாட்டு விளம்பத்தில் போனாலும் துரிதத்தில் போனாலும் தம்பூரா தன் நடையிலேயே சுற்றிவர வேண்டும். தபலா வேகம் பிடித்ததும் என் விரலும் கூட ஓடியது. நான்கு தந்தி, நான்கு மாத்திரை என்று கை தானாகக் கணக்குப் போட்டுக்கொண்டது. மாமி வானொலியில் சினிமாப் பாட்டைச் சத்தமாக வைத்துவிட்டு, "இதோட சேராமல் மீட்டு" என்பார். நல்ல தாளக்கட்டான பாட்டு வந்தால் இன்னும் சத்தம் கூட்டுவார். கை பாட்டோடு சேர்ந்துகொண்ட உடனே அணைத்துவிடுவார். அந்தத் திடீர் அமைதியில் நான்கு தந்திகளும் ஒழுங்காக அணிவகுத்து நடப்பது எனக்கே கேட்கும். வெட்கமாக இருக்கும். அந்த அணிவகுப்பு கலைந்து, எங்கே தொடங்குகிறது எங்கே முடிகிறது என்று தெரியாத ஒரே ஓட்டமாக மாற ஒரு முழு மழைக்காலம் ஆனது.

சுருதி சேர்ப்பதோடு ஒப்பிட்டால் மீட்டல் ஒன்றுமே இல்லை.

தந்தியை முறுக்கும் பிருடையைத் திருகும்போது அதை உள்ளே அழுத்திக்கொண்டே திருக வேண்டும். அழுத்தாவிட்டால் வழுக்கிப் பின்னால் வந்துவிடும், அதிகம் அழுத்தினால் இறுகி நின்று, பிறகு ஒரேயடியாகத் தாவும். சுருதியை மேலிருந்து இறக்கிச் சேர்க்கக் கூடாது. வேண்டிய இடத்துக்குக் கீழே கொண்டுபோய், அங்கிருந்து ஏற்றித்தான் சேர்க்க வேண்டும். இறக்கிச் சேர்த்த தந்தி நிற்காது. பிருடையால் கிட்டத்தட்டக் கொண்டுவந்தபின், தந்திகளைத் தாங்கும் குதிரைக்குக் கீழே தந்தியில் கோத்திருக்கும் மணியைக் கீழே தள்ளினால் சுருதி இழையளவு ஏறும், மேலே தள்ளினால் இறங்கும். கடைசியில் ஜீவா. குதிரையின் அகன்ற முதுகில் தந்திக்கு அடியில் செருகிய பருத்தி நூல் அது. அதை முன்னும் பின்னும் நகர்த்தும்போது ஓரிடத்தில் தந்தியின் ஒலி திடீரென்று விரியும். அந்த இடம் நூலின் பருமன் அளவுகூட இருக்காது. கண்ணால் தேட முடியாது. தந்தியை மீட்டியபடியே நூலின் இரு முனைகளையும் பிடித்துத் தேய்த்துக்கொண்டு வரவேண்டும், ஒலி விரியும் கணத்தில் விரல் தானே நிற்க வேண்டும். என் விரல் தாண்டிப் போய்த்தான் நிற்கும். திரும்பி வந்தால் இந்தப் பக்கம் தாண்டும்.

பிருடையும் மணியும் நூலும் கைவேலை, பழகிவிடும். காது பழக மறுத்தது. ஜோடித் தந்திகள் இரண்டும் ஒன்றாக இருக்கின்றனவா என்று மாமி கேட்பார். இருக்கிறது என்பேன். "அலை கேக்கறதா?" என்பார். எனக்கு எந்த அலையும் கேட்காது. இரண்டு தந்திகள் ஏறத்தாழ ஒரே சுருதியில் இருந்தால், சேர்ந்து ஒலிக்கும்போது ஒலி ஒரே சீராக இருக்காது. கூடிக் குறைந்து கூடிக் குறைந்து துடிக்கும். விலகல் அதிகமானால் துடிப்பு வேகமாக இருக்கும். நெருங்க நெருங்க மெதுவாகும். முற்றிலும் சேர்ந்தால் துடிப்பே நின்றுவிடும். இது பௌதிகம், இதை நான் பள்ளியில் படித்திருக்கிறேன், பரீட்சையில் எழுதியும் இருக்கிறேன். மாமியின் கூடத்தில் அது என் காதில் விழவில்லை. "இப்போ வினாடிக்கு ரெண்டு துடிக்கறது" என்று கணக்கு வாத்தியாராகச் சொல்வார். நான் தலையாட்டுவேன். கேட்காததைக் கேட்டதாகத் தலையாட்டுகிறேன் என்பது அவருக்குத் தெரியும். "கேக்கலேன்னா கேக்கலேன்னு சொல்லு. அதை வச்சுண்டுதான் மேலே போக முடியும்."

இந்த நிலையில்தான் ஷோபாபஜார் பக்கம் ஒரு பழைய வீட்டில் ஆசர் வந்தது. செப்டம்பர், புழுக்கம் உச்சத்தில் இருந்தது. மாமிக்குக் காய்ச்சல், நான் மட்டும் போனேன். பாடியவர் என் வயதுப் பெண், முதன்முறையாக ஒரு நீண்ட கச்சேரிக்கு அழைக்கப்பட்டிருந்தார். அவருக்குச் சுருதி ஐந்தரைக் கட்டை. இங்கே கருப்பு நான்கு என்பார்கள். ஈரக் காற்றில் பிருடைகள் ஊறி இறுகியிருந்தன. பஞ்சமத்தை ஏற்ற அழுத்தித் திருகினேன். அசையவில்லை. இன்னும் கொஞ்சம். தாவியது, தந்தி அறுந்தது. மாற்றுத் தந்தி இருந்தது, மாட்டினேன். சுருதி சேர்த்தேன், அல்லது சேர்த்ததாக நினைத்தேன். பாட்டு தொடங்கியது.

புதுத் தந்தி தொடர்ந்து நீளும் என்பது எனக்குத் தெரியாது. பாடகி ஆலாபனையில் மெல்ல ஒவ்வொரு ஸ்வரமாகக் கட்டிக்கொண்டு வந்தார். பஞ்சமத்தை அவர் தொட்டபோது என் பஞ்சமம் அதற்குக் கீழே இருந்தது. அவர் ஒரு கணம் நின்றார். மறுபடி தொட்டார். பிறகு தலையை என் பக்கம் சாய்த்து, பாடிக்கொண்டே, கையை நீட்டி மணியைத் தள்ளினார். சரியானது. சிறிது நேரத்தில் மறுபடி இறங்கியது. மறுபடி கை நீட்டினார். மூன்றாவது முறை அவர் கை நீட்டவில்லை. முன்னால் இருந்த கைப்பேசியில் தம்பூராச் செயலியைப் போட்டு, அதைத் தன் காதுப் பக்கம் நகர்த்திக்கொண்டார். என்னை நிறுத்தச் சொல்லவில்லை. அது அவருடைய நல்ல மனது. நான் தந்திகளை மிக மெல்ல, யாருக்கும் கேட்காத அளவில், கடைசிவரை தடவிக்கொண்டிருந்தேன். அவர் பாட்டு முழுதும் நன்றாக வந்தது. ஆனால் அந்த முதல் அரைமணி நேரத்தில் அவர் கட்டிய ஆலாபனை இரண்டு மூன்று இடங்களில் முறிந்தது. அதைக் கேட்க வந்தவர்கள் அதை இழந்தார்கள். அது என்னை இன்றும் உறுத்துகிறது.

மறுநாள் மாமியிடம் சொன்னேன். கட்டிலில் படுத்தபடியே கேட்டார்: "கம்பியை எப்போ மாட்டினே?" அங்கேயே என்றேன். "மாட்டிட்டு இழுத்து விட்டியா?" இல்லை. எழுந்து உட்கார்ந்து, புதுத் தந்தியை நடுவில் பிடித்து மெல்ல மேலே இழுத்து விடுவது, மீண்டும் ஏற்றுவது, மீண்டும் இழுப்பது என்று காட்டினார். இப்படிச் செய்தும் ஓர் இரவு நின்றால்தான் தந்தி நம்பகமாகும். மழைக்காலத்தில் பிருடைக்குச் சாக்குக்கட்டித் தூள் போடக் கூடாது, குளிர்காலத்தில் காற்று உலர்ந்து பிருடை வழுக்கும்போதுதான் போட வேண்டும். மேடை விளக்கின் சூட்டில் தந்தி நீண்டு சுருதி இறங்கும், குளிர்சாதனக் காற்றில் ஏறும். ஆகவே அரங்குக்குப் போனதும் முதலில் பார்க்க வேண்டியது விளக்கும் மின்விசிறியும் எங்கே இருக்கின்றன என்பதை. இவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னார். திட்டவில்லை. ஆனால் அடுத்த வாரத்திலிருந்து பஞ்சமத்தையும் மந்தரத்தையும் தளர்த்திவிட்டார். ஜோடி மட்டும்தான். தினமும் வேலை முடிந்து வந்து அந்த இரண்டு தந்திகளைக் கலைத்துச் சேர்ப்பது, கலைத்துச் சேர்ப்பது. துர்கா பூஜை போனது, காளி பூஜை போனது. ஆசர்களுக்கு அவரே தந்தி சேர்த்தார், நான் மீட்டினேன்.

குளிர் தொடங்கிய பிறகு ஒரு மாலை, இரண்டாவது தந்தியின் மணியைத் தள்ளிக்கொண்டிருந்தபோது, ஒலிக்குள் ஏதோ அசைவது தெரிந்தது. கூடிக் குறைந்தது. மணியை மயிரிழை நகர்த்தினேன். அசைவு மெதுவானது. இன்னும் மெதுவானது. நின்றது. இரண்டு தந்திகள் இருந்த இடத்தில் ஒரே தந்தி இருந்தது. மாமி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "ம்" என்றார். மறுபடி கலைத்துவிட்டுப் போனார்.

அலை ஒரு முறை கேட்டபின் எங்கும் கேட்டது. அகாடமியில் மாணவர்கள் பாடத் தொடங்கும் முன் தம்பூராக்களைச் சேர்க்கும் நேரத்துக்காகவே சீக்கிரம் போக ஆரம்பித்தேன். முன்பெல்லாம் அந்தப் பத்து நிமிடம் எனக்குக் கச்சேரியில் சேராதது. இப்போது அதைத் தவறவிட மனம் வராது.

காந்தாரம் அதற்குப் பிறகு வந்தது. மந்தரத் தந்தி நன்றாகச் சேர்ந்து ஜீவாவும் சரியாக நின்றால், யாரும் மீட்டாத ஒரு காந்தாரம் அதிலிருந்து எழும். நம் வித்வான்கள் அதை ஸ்வயம்பு காந்தாரம் என்பார்கள். தந்தியின் அதிர்வுக்குள்ளேயே, அதன் ஐந்து மடங்கு வேகத்தில் இருக்கும் ஒலி அது. மாமி மந்தரத்தை மட்டும் மீட்டச் சொல்லி, தானே மெல்லிய குரலில் காந்தாரம் பாடி நிறுத்துவார். "நான் நிறுத்தினப்புறமும் இருக்கா?" முதலில் இல்லை என்றேன். பல நாள் இல்லை என்றேன். ஒரு நாள் அவர் நிறுத்தினார், அது நிற்கவில்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு வெற்றிலைப் பெட்டியை எடுத்துக்கொண்டார்.

அந்த ஜனவரியில் டோவர் லேன் சங்கீத மாநாட்டுக்கு அழைத்துப்போனார். 1952-இல் அந்தத் தெருவில் தொடங்கியது, இப்போது ரவீந்திர சரோவர் ஏரிக்கரையில் நஸ்ருல் மஞ்சில் நடக்கிறது. இரவு முழுதும் கச்சேரி, முடியும்போது விடிந்திருக்கும். வீடு திரும்ப டாக்ஸி வேண்டாம், லேக் மார்க்கெட்டுக்கு நடந்தே வந்துவிடலாம் என்பது எங்கள் வகைக்கு அதன் பெரிய வசதி. குறைந்த விலை டிக்கெட், பின்னால் இருக்கை, பையில் போர்வை, டப்பாவில் புளியோதரை. நள்ளிரவு தாண்டி ஒரு பாடகர் மேடைக்கு வந்தார். தம்பூராக்கள் ஒலிக்கத் தொடங்கின. முதல் தந்தி பஞ்சமத்தில் இல்லை. மத்யமத்தில் இருந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. "மால்கௌன்ஸ், மாமி" என்றேன். பஞ்சமம் இல்லாத ராகம், நம் இந்தோளம், இரவுக்கு உரியது.

"சந்திரகௌன்ஸா இருக்கப்படாதா? பாகேஸ்ரீக்கும் மத்யமம்தான் வைப்பா" என்றார். "மத்யமம்னு மட்டும் சொல்லு. அதுதான் நீ கேட்டது."

அன்று அவர் பாடியது சந்திரகௌன்ஸ். காதில் விழுந்ததற்கு மேல் ஒரு சொல்லும் கூட்டிச் சொல்லாத அந்தக் கண்டிப்பு, தந்தி சேர்க்கக் கற்றதை விட எனக்குப் பெரிது. கணக்கு எழுதும் என் வேலையிலும் அது வந்து உட்கார்ந்துகொண்டது.

சின்ன இடங்களில் குறைந்த செலவில் பாட்டுக் கேட்பதற்கு மாமியிடம் சில கறாரான பழக்கங்கள் உண்டு. உண்டியலில் எவ்வளவு சின்னத் தொகையானாலும் போடாமல் வரமாட்டார். அதையும் கச்சேரி முடிந்த பின் அல்ல, உள்ளே நுழையும்போதே. பெரிய பெயர் பாடி முடித்ததும் எழுந்து போகிறவர்களை அவருக்குப் பிடிக்காது. கடைசியில் பாடும் இளைஞருக்காகத்தான் நாம் வந்தது என்பார். இலவசக் கச்சேரிக்குத் தாமதமாகப் போகக் கூடாது. இடைவேளையில் பாடகரை விடத் தபலாக்காரரிடமும் ஆர்மோனியக்காரரிடமும் முதலில் போய் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கைப்பேசியில் பதிவு செய்யக் கூடாது. இவற்றையெல்லாம் நான் முதலில் பழைய காலத்து ஆசாரம் என்றே எடுத்துக்கொண்டேன். பாடகர்களுக்குப் பின்னால் சில வருடங்கள் உட்கார்ந்தபின் புரிகிறது. நாற்பது பேர் வரும் கூடத்தில் பத்துப் பேர் எழுந்து போனால் பாடகரின் முதுகு அதை உணர்கிறது. பின்னால் இருந்து நான் அதைப் பார்த்திருக்கிறேன், தோள் ஓர் அங்குலம் இறங்கும். பணம் குறைவாகக் கொடுத்து வருகிறவர்கள்தான் இந்தக் கூடங்களைக் காப்பாற்றுகிறார்கள், வந்து இறுதிவரை உட்கார்ந்திருப்பதால். இதை நான் உறுதியாக நம்புகிறேன்.

போன குளிர்காலத்தில் பவானிபூரில் ஒரு மாடி வீட்டு ஆசர். பாடியவர் முதியவர், ஒன்றரைக் கட்டை. மாமியும் வந்திருந்தார். ஆனால் ஏறி வந்ததும் சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, தம்பூராவை என்னிடம் விட்டுவிட்டார். நான் மின்விசிறியைப் பார்த்தேன், ஓடவில்லை. விளக்கு தலைக்கு நேர் மேலே இருந்தது, ஆகவே சற்று நகர்ந்து அமர்ந்தேன். ஜோடியைச் சேர்த்தேன், அலை நின்றது. மந்தரம். பஞ்சமம். நூலைத் தேய்த்துக்கொண்டு வந்தேன், நான்கிலும் ஒலி விரிந்தது. முதியவர் பேசிக்கொண்டிருந்தவர் பேச்சை நிறுத்தி, கையை நீட்டி நான்கு தந்திகளையும் ஒரு சுற்று மீட்டிப் பார்த்தார். எந்த மணியையும் தொடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஷட்ஜம் பிடித்தார்.

இரண்டு மணி நேரம் பாடினார். நான் அவ்வளவு நிறைவாக எதையும் செய்ததில்லை.

படியிறங்கும்போது மாமி என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "கடைசி அரைமணி மந்தரம் இறங்கியிருந்தது. கேட்டுதா?"

கேட்டது. எனக்கு நன்றாகவே கேட்டது. பாட்டுக்கு நடுவில் மணியைத் தொடத் துணிவு வரவில்லை என்றேன்.

"அப்போ அதுதான் அடுத்த பாடம்" என்றார்.

ஓட்டம் அறாமல் வலது கை மீட்டிக்கொண்டிருக்க, இடது கை குதிரைக்குக் கீழே போய், பாடகர் மேல் ஷட்ஜத்தில் இருக்கும்போது, அதாவது மந்தரம் அவர் காதை அதிகம் பிடிக்காத நேரத்தில், மணியை ஒரு தொடுகையில் தள்ளிவிட்டுத் திரும்ப வேண்டும். இப்போது தினமும் மாலை அதைத்தான் பழகுகிறேன். இரண்டு கையும் ஒரே சமயத்தில் வேறு வேறு வேலை செய்ய மறுக்கின்றன, வலது கை ஒரு தந்தியை விட்டுவிடுகிறது. அடுத்த மாதம் அதே முதியவர் மாலை வேளையில் பூரியா ராகம் பாடப்போகிறார். அதற்கு முதல் தந்தியை நிஷாதத்தில் வைக்க வேண்டும். நிஷாதம் சேர்ப்பதை மாமி இன்னும் என்னிடம் விடவில்லை. அன்று அவர்தான் சேர்ப்பார், நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன்.